நெட்டச்சியின் நடுக்கம்

நெட்டச்சி சும்மா நிற்கும்போது அவளைப் போல நல்ல மாடு எங்கேயும் கிடையாது. கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, தாடையை மட்டும் அசைத்துக்கொண்டு, உலகத்தோடு ஒரு வழக்கும் இல்லாதவளாக நிற்பாள். நாம் பக்கத்தில் போகவேண்டும், அப்போதுதான் தொடங்கும். முதலில் தலை லேசாக ஆடும், யாரோ கேட்ட கேள்விக்கு ஆமாம் போடுவதுபோல. பிறகு கழுத்துத் தோல் துடிக்கும். துடிப்பு தோளுக்கு இறங்கும், தொடைக்குப் போகும். இன்னும் ஓர் எட்டு வைத்தால் நான்கு கால்களும் விறைத்துக்கொள்ளும், அப்படியே பக்கவாட்டில் விழுவாள். விழுந்த இடத்தில் காலை உதைத்துக்கொண்டு கிடப்பாள். நாம் தள்ளிப் போய்விட்டால், சற்றுநேரத்தில் எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மேயத் தொடங்குவாள்.

இந்தக் கோடையில் சரிவு நிலத்தில் மேய்ந்த எல்லா மாட்டுக்கும் இது இருந்தது. நெட்டச்சிக்குத்தான் அதிகம்.

அப்பா இதை வியாதி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. "அவன் வர்றான். மாட்டுக்குத் தெரியுது, நமக்குத் தெரியல" என்றார்.

அவன் என்றால் என் அண்ணன். போன கோடையின் கடைசியில், அதே சரிவின் அடியிலிருக்கும் குட்டையில் செத்துப்போனவன்.

அந்தச் சரிவில் புல் விதைத்ததே அண்ணன்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் புழு வேரை அரித்து, மேய்ச்சல் நிலமெல்லாம் சொறி பிடித்த நாய் முதுகாகக் கிடந்தது. அண்ணன் எங்கெங்கோ விசாரித்து ஒரு விதை வாங்கிவந்தான். இந்தப் புல்லைப் பூச்சி தொடாது என்று கடைக்காரர் சொன்னாராம். அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்து நிலமெல்லாம் காய்ந்து பழுப்பானபோதும் எங்கள் சரிவு மட்டும் பச்சையாக நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். அப்பாவுக்குப் பெருமை, ஆனால் மகனிடம் சொல்லமாட்டார். அதற்குப் பதிலாக மேய்க்கும் முறையைப் பற்றிச் சண்டை போடுவார்.

அப்பாவின் வழக்கம் ஒட்ட மேய்ப்பது. ஒரு நிலத்தில் மாட்டை விட்டால், மண் தெரியும்வரை அடுத்த நிலத்தின் கதவைத் திறக்கமாட்டார். "மேலாகக் கடிச்சுட்டு ஓடறதுக்கு இது விருந்தா? அடிவரைக்கும் தின்னட்டும்" என்பார். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் எங்களை எழுந்திருக்க விடாதவர், மாட்டுக்கு மட்டும் சலுகை தருவாரா? புது நிலத்தை அப்படிச் செய்யவேண்டாம் என்று அண்ணன் எவ்வளவோ சொன்னான். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் புல்லில் முதன்முதலாக மாடு விட்ட கோடை அது. அண்ணன் செத்த அன்று சாயங்காலம் நான் பால் கறக்கும் கொட்டகைக்குள் இருந்தேன். அப்பா வாசலில் நின்று, நெட்டச்சி தள்ளாடித் தள்ளாடிக் குட்டைப் பக்கம் இறங்குவதைப் பார்த்திருக்கிறார். "டேய், மாடு குட்டைக்குப் போகுது, ஓடுடா" என்று அவர் போட்ட சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. அண்ணன் கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடினான். அப்பா பின்னாலிருந்து கத்தக் கத்த ஓடினான். அவன் நெருங்கவும் நெட்டச்சி தண்ணீருக்குள் சாயவும் சரியாக இருந்தது. தலை மூழ்காமல் பிடிக்க இவனும் இறங்கினான். உதைத்த காலில் ஒன்று அவன் நெற்றியில் பட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாடு எப்படியோ கரையேறிப் புல் தின்றுகொண்டிருந்தது.

அந்த மாட்டை வீட்டில் வைத்திருக்காதே என்று சொல்லாத ஆள் இல்லை. அப்பா ஒரே பதில்தான் சொன்னார். "கடைசியா அவனைத் தொட்டது அவதான். அவள எங்க அனுப்பச் சொல்றீங்க?"

அப்பா அன்றைக்கு அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகும் அழவில்லை. சரிவு நிலத்தின் கதவைக் கம்பி போட்டுக் கட்டினார், குட்டையைச் சுற்றி வேலி போட்டார், ஆண்டு முழுக்க அங்கே யாரையும் விடவில்லை. இந்தக் கோடையில் மற்ற நிலமெல்லாம் காய்ந்து, மாடுகள் வெறும் மண்ணை முகர்ந்தபோது, வேறு வழியில்லாமல் அவரே கம்பியை அவிழ்த்தார். தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை, மாடு குட்டையிலேயே குடிக்கட்டும் என்று குட்டை வேலியிலும் ஒரு பக்கம் விலக்கிவைத்தார். வழக்கம்போல் ஒட்ட மேயவிட்டார். நடுக்கம் தொடங்கியது.

தினமும் சாயங்காலம் ஒரு காலி வாளியை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போவார். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்காருவார். மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். பிறகு எழுந்து அவற்றை நோக்கி நடப்பார். ஒவ்வொன்றாகத் தலை ஆடத் தொடங்கும். "வந்துட்டியா?" என்பார் அப்பா. "சாப்பிட்டியா? தொட்டி வால்வு இன்னும் ஒழுகுது. நீ சொன்ன மாதிரி மாத்திடறேன்." கூடவே இருந்தபோது அந்த வால்வைப் பற்றி அண்ணன் வாய் வலிக்கச் சொல்லியிருந்தான்.

எனக்கு எதையும் முகத்துக்கு நேரே சொல்லிப் பழக்கம். அதனால்தான் புகுந்த வீட்டிலிருந்து போன வேகத்தில் திரும்பி வந்தேன், அப்பாவும் என்னை வாயாடி என்றே கூப்பிடுவார். ஆனால் ஒருநாள் அவரைக் கூப்பிடப் போனபோது எனக்கே பேச்சு வரவில்லை. காற்று இல்லை, இலை அசையவில்லை. மாடுகள் அத்தனையும் குட்டையைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒரே நேரத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. பக்கவாட்டில் கண்ணின் வெள்ளை தெரிந்தது. குட்டைக் கரையில் யாருமில்லை. அப்பா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஓராண்டாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அவள் பால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உயிரோட இருந்தப்ப சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. இப்ப மாட்டுகிட்டக் கேக்கறாரு" என்றாள். கொஞ்சநேரம் தேய்த்துவிட்டு, "அவர் வந்தா என்கிட்ட வரமாட்டாரா? அந்தக் குட்டைக்கா வருவார்?" என்றாள்.

சமையலறை ஜன்னல் சரிவைப் பார்த்தது. அந்தக் கோடையில் அண்ணி அந்த ஜன்னலை ஒருநாளும் சாத்தவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பால் பாதியாகக் குறைந்த பிறகுதான் மாட்டு டாக்டரைக் கூப்பிட்டோம். அப்பாவைக் கேட்டால் வேண்டாம் என்பார், அதனால் கேட்கவில்லை. புதிதாக மாற்றலாகி வந்திருந்த பெண். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. வந்தவுடன் மாட்டைத் தொடவில்லை. கொட்டகை ஓரத்தில் நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு கைதட்டி ஒரு சத்தம் போட்டார். மாடுகள் நடுங்கின. ஒரு கன்று விழுந்தது. அதைத் தூக்க ஓடிய என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எந்த நிலத்துல மேயுது?"

சரிவுக்குக் கூட்டிப்போனோம், நானும் அண்ணியும். அப்பா வைக்கோல் கட்டு இறக்கப் போயிருந்தார். டாக்டர் குனிந்து ஒரு புல்லை வேரோடு பிடுங்கி, அடித்தாளை நகத்தால் உரித்துக் காட்டினார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக, ஈரமாக, சுத்தமாக இருந்தது.

"கண்ணுக்குத் தெரியாது. இதுக்குள்ள ஒரு பூஞ்சை குடியிருக்கு. புல்லுக்கு அது காவல்காரன். அது ஊறவைக்கிற விஷத்தால பூச்சி இந்தப் பக்கம் வராது. விதையோடயே வந்துடும். விதைச்சவங்களுக்கும் தெரியாது, வித்தவனுக்கும் தெரிஞ்சிருக்காது. வெயில் ஏறின காலத்துல விஷம் கூடும். அதுவும் அடித்தாள்லதான் ரொம்ப."

"ஒட்ட மேய்ஞ்சா?" என்று அண்ணி கேட்டாள்.

"ஒட்ட மேய்ஞ்சா மொத்த விஷத்தையும் வழிச்சுத் தின்ன மாதிரி."

மருந்து உண்டா என்று கேட்டேன். மருந்து கிடையாது, வேறு தீனிக்கு மாற்றினால் தானாகவே தெளிந்துவிடும் என்றார். இந்தப் புல்லை அறுத்துக் காயவைத்தாலும் விஷம் போகாதாம். அதனால் மழை வந்ததும் நிலத்தை உழுது வேறு விதை போடச் சொன்னார்.

"அதுவரைக்கும் விரட்டாதீங்க, கத்தாதீங்க. சும்மா நிக்கிற வரைக்கும் மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆள் கிட்டப் போனா, சத்தம் கேட்டா, அதுலதான் நரம்பு தடுமாறும். விழுந்தா தூக்க ஓடாதீங்க. தள்ளி நின்னா தானா எந்திரிச்சிடும். இந்த நடுக்கத்துல மாடு சாகறது அபூர்வம். தண்ணியில விழுந்துதான் சாகும்." சரிவின் அடியைப் பார்த்துக் கையை நீட்டினார். "அந்தக் குட்டைய முதல்ல அடைங்க. அங்க ஒரு மாடு தள்ளாடறத பார்த்துட்டு யாராவது ஓடினாங்கன்னா, ஓடறவங்களே அத உள்ள தள்ளிவிட்ட மாதிரி ஆயிடும்."

அண்ணி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். கம்பிப்பிடி சத்தம் போடாதபடி மெதுவாகப் படுக்கவைத்தாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அப்பாகிட்ட இத சொல்லாதீங்க டாக்டர்" என்றேன்.

"சொல்லாம எப்படிம்மா? அவர்தானே மேய்க்கிறார்?"

"புல்லு சரியில்லன்னு சொல்லுங்க. ஓடறதப் பத்தி மட்டும் வேண்டாம்."

டாக்டர் காரணம் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேர் முகமும் சொல்லியிருக்கும்.

டாக்டர் பாதியைத்தான் சொன்னார். அந்தப் பாதிக்கே அப்பா எரிந்து விழுந்தார். "என் பையன் போட்ட புல்லு விஷமா? செத்தும் அவனச் சும்மா விடமாட்டீங்களா?" டாக்டர் போன பிறகும் அடங்கவில்லை. மாடுகளைக் கொட்டகைக்குப் பின்னால் அடைத்து, பழைய வைக்கோலைப் போட்டது நானும் அண்ணியும்தான். அவர் ஒரு கை கொடுக்கவில்லை. சாயங்காலம் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்து உட்கார்ந்தார். மாடுகள் நடுங்கின. பேசிவிட்டுப் போனார்.

இதில் ஒரு கஷ்டம் இருந்தது, அதை நான் யோசிக்கவில்லை. வைக்கோல் தின்னத் தின்ன மாடுகள் தெளிந்துகொண்டு வந்தன. எங்களுக்கு நிம்மதி. அப்பாவுக்கு அப்படியில்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"அவன் வர்றது குறைஞ்சுபோச்சு. நேத்து ரெண்டு மாடுதான் தலையாட்டுச்சு. அவன் இடத்த விட்டு நாம மாட்ட மாத்தினது அவனுக்குப் பிடிக்கல போல" என்றார்.

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணி என் காலை மிதித்தாள். மென்று விழுங்கினேன். உண்மையைச் சொன்னால் இரண்டு அடி விழும். இத்தனை நாளும் மகன் வரவில்லை என்பது ஒன்று. அவனை ஓடச் சொன்ன அந்தக் குரலைப் பற்றியது இன்னொன்று. இந்த வயதில் ஒன்றையே தாங்கமாட்டார். சொல்லாமல் ஓட்டிவிடலாம், மழை வந்துவிட்டால் நிலத்தை உழுதுவிடலாம் என்று நினைத்தோம்.

மறுநாள் சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் நெட்டச்சியைக் காணவில்லை. வாளியையும் காணவில்லை.

நானும் அண்ணியும் சரிவுக் கதவுவரை ஓடினோம். அதற்குமேல் கால் தானாகவே நின்றுவிட்டது. அப்பா பாதிச் சரிவில் வாளிமேல் உட்கார்ந்திருந்தார். நெட்டச்சி வேலி விலகியிருந்த இடத்தில், குட்டைக் கரையின் விளிம்பில் நின்று, அங்கே தழைத்திருந்த புல்லை ஆசை தீர மேய்ந்துகொண்டிருந்தாள். காலையிலேயே ஓட்டிவந்திருக்க வேண்டும், சுற்றிலும் மண் தெரிந்தது. பின்னங்கால்களுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

அப்பா எழுந்தார். அவளை நோக்கி இறங்கினார், நானும் ஓசைப்படாமல் இறங்கினேன். நெட்டச்சியின் தலை ஆடத் தொடங்கியது.

"வந்துட்டியா" என்றார் அப்பா. அந்தக் குரலை என்னால் இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. தொலைந்த பிள்ளையைக் கூட்டத்தில் கண்டுபிடித்தவர் குரல் அது.

அவளது தோள் துடித்தது. ஒரு கால் பின்னால் போய்ச் சேற்றில் அழுந்தியது. அப்பா அதைப் பார்த்துவிட்டார். அவர் தோள் முன்னால் சாய்ந்தது, கை உயர்ந்தது. ஓடப்போகிறார், கத்தப்போகிறார். நான் கத்தி நிறுத்தமுடியாது. கத்தினால் அவள் விழுவாள், அவள் விழுந்தால் அவர் இறங்குவார். வாழ்நாள் முழுக்கச் சத்தமாகவே பேசியவள், காலைத் தேய்த்துத் தேய்த்து அவருக்குப் பின்னால் போய், மூச்சுக்காற்றில் சொன்னேன்.

"அப்பா, நில்லுங்க."

"விழப்போறாடி."

"நீங்க நின்னா விழமாட்டா. ஓடினா விழுவா. உங்களப் பார்த்துத்தான் நடுங்கறா. அசையாதீங்கப்பா, உங்க காலப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

அவர் நின்றார். உயர்த்திய கை அப்படியே நின்றது. நெட்டச்சி ஆடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சின்னச் சின்னதாக அலைந்தது. நாங்கள் மூச்சுவிடவும் பயந்து நின்றோம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் அப்பாவைக் கூப்பிட வந்த அன்று மாடுகள் குட்டையில் எதையும் பார்க்கவில்லை. மேலே நின்ற எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் திரும்பியிருந்தன. எங்களிடமிருந்து தப்பிக்கத்தான் பார்த்தன.

கொஞ்சம் கொஞ்சமாகத் தொடையின் துடிப்பு அடங்கியது. பிறகு தோள். பிறகு கழுத்து. நெட்டச்சி சேற்றிலிருந்து காலை உருவி, பெருமூச்சு ஒன்று விட்டு, கரையைவிட்டு மேலே நடந்தாள். சற்றுத் தள்ளி நின்று மேயத் தொடங்கினாள்.

அப்பா கையை இறக்கவில்லை. நான்தான் பிடித்து இறக்கிவிட்டேன்.

"நின்னா விழமாட்டாளா?" என்றார்.

நான் அவர் கையை விடவில்லை.

"அன்னிக்கும் இதேதானா? அவன் ஓடாம இருந்திருந்தா?" அவர் குரல் உடைந்தது. "நான்தானே ஓடச் சொன்னேன்."

பின்னால் வந்து நின்ற அண்ணிதான் பேசினாள். அப்பாமேல் ஓராண்டாகக் கோபத்தைச் சுமந்தவள் அவள்தான். அவள் சொல்வதற்குத்தான் உரிமையும் இருந்தது.

"நீங்க சொல்லலேன்னாலும் ஓடியிருப்பார் மாமா. மாடு தும்மினாலே சாப்பாட்ட விட்டுட்டு எழுந்து ஓடற மனுஷன். நான் எத்தன நாள் திட்டியிருக்கேன்."

அப்பா அவளையே பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. அண்ணி பொய் சொல்லவில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும்.

"சரி, அது போகட்டும்" என்றார் கடைசியில். "இந்தக் கோடை முழுக்க, தினம் சாயங்காலம் வந்தானே. அப்ப வந்தது யாரு?"

ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அவர் அதற்காகத்தான் என் முகத்தைப் பார்த்தார். ஆனால் பொய் சொன்னால் நாளைக்கும் வாளியோடு இங்கே வருவார்.

"நீங்கதாம்ப்பா. நீங்க மட்டும்தான் வந்தீங்க."

அப்பா தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் தாண்டிச் சரிவில் ஏறிப் போனார். வாளியை எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு பல நாள் அவர் எந்த மாட்டின் பக்கத்திலும் போகவில்லை. கொட்டகைக்கு வருவார், தூணுக்கு அந்தப் பக்கமே நிற்பார். பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார். இருமல் வந்தால் வெளியே போய் இருமினார். குட்டை வேலியை அவரே இழுத்துக் கட்டினார். ஒழுகின வால்வையும் மாற்றினார். என்னை வாயாடி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் சொன்னது சரிதானா என்று பால் கறக்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன்.

முதல் மழை பெய்த மறுநாள் காலை. டிராக்டர்க்காரர் சரிவை உழுதுகொண்டிருந்தார், அந்தச் சத்தம் கொட்டகைவரை கேட்டது. மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெட்டச்சி தீனித் தொட்டியில் தலையை விட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அப்பா தூணுக்குப் பின்னால் நின்றார்.

"அப்பா, வந்து தொட்டுப் பாருங்க" என்றேன்.

தலையை ஆட்டி மறுத்தார். நான் விடவில்லை. அண்ணியும் பால் வாளியை வைத்துவிட்டு நின்றாள். அவர் ஓர் எட்டு வைத்தார், நின்றார், பார்த்தார். இன்னோர் எட்டு வைத்தார். வெறுங்காலில் வைக்கோல் நசுங்கும் சத்தத்துக்கே பயந்தார். நெட்டச்சியின் கழுத்தில் கையை வைத்தார். நான் அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஈ உட்கார்ந்து பறந்தது. வேறொன்றும் அசையவில்லை. அவள் தலையைத் திருப்பி, அவர் சட்டைப் பையை முகர்ந்துவிட்டு, மறுபடி தின்னப் போனாள்.

"நடுங்கலையே" என்றார் அப்பா.

"இல்லப்பா."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்லப்பா."

அவர் நெற்றியை அவள் கழுத்தில் சாய்த்தார். அப்போதுதான் அழுதார். மகனைத் தூக்கிக்கொண்டு போன அன்று அழாத மனுஷர், சின்னப்பிள்ளைபோல் வாய்விட்டு அழுதார். உடம்பெல்லாம் குலுங்கியது. அண்ணி போய் அவர் முதுகில் கை வைத்தாள். அவர் குலுங்கி முடியும்வரை நெட்டச்சி அசையாமல் நின்றாள்.